டீ குடிக்க எழுந்து போன அப்பாவும், டான்சி நிலமும்

ரொம்ப நாளா மொக்கையாவே எழுதிட்டு இருக்கேன்னு நம்ம பசங்க ரெண்டு பேர் மெயில்ல திட்டிட்டாங்க. சரி, இன்னிக்கு கொஞ்சம் சீரியஸ். அரசியல் வாசம் அடிக்கும். ஆட்டோ அனுப்பறவங்க கடைசி வரைக்கும் படிச்சுட்டு அனுப்பவும் :-)

மேட்டர் ஆரம்பிச்சது எங்க ஆபீஸ்ல. வருஷா வருஷம் ஒரு ஃபார்ம் வரும். "உங்க குடும்பத்துல யாராவது நம்ம கம்பெனியோட வியாபாரம் பண்றாங்களா? நீங்க எடுக்கற முடிவால உங்களுக்கோ உங்க சொந்தக்காரங்களுக்கோ லாபம் வருமா?" இப்படி ஒரு ஏழெட்டுக் கேள்வி. எல்லாத்துக்கும் 'இல்லை'ன்னு டிக் அடிச்சுட்டு டீ குடிக்கப் போயிடுவோம். இந்த வருஷம் பக்கத்து சீட்டுப் பையன் கேட்டான், "இதை யாருடா படிப்பாங்க? எவன் உண்மையைச் சொல்லப் போறான்?"

நியாயமான கேள்விதான். ஆனா எனக்கு அந்த ஃபார்மைப் பாத்ததும் ஞாபகம் வந்தது ஒரு சிவப்பு டீ-ஷர்ட்.

கொஞ்சம் பின்னாடி போவோம். வருஷம் 2011. நான் எட்டாவது படிக்கிறேன். அப்பா திருப்பூர்ல ஒரு சின்ன யூனிட் வச்சிருந்தார். நாலு ஓவர்லாக், ரெண்டு ஃபிளாட்லாக், செக்கிங்குக்கு அம்மாவும் பக்கத்து வீட்டு அக்காவும். அவ்ளோதான் கம்பெனி. பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு ஜாப் வொர்க் எடுத்து, பீஸுக்கு இவ்வளவுன்னு தெச்சுக் குடுக்கறது. நான் படிச்ச பள்ளிக்கூடத்துல பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்கு அப்பாதான் பொருளாளர். "நாலு பேருக்கு நல்லது பண்ணணும்"னு நம்பற ஆளு.

ஸ்போர்ட்ஸ் டேக்கு எல்லாப் பசங்களுக்கும் ஹவுஸ் கலர்ல டீ-ஷர்ட் போடணும்னு முடிவாச்சு. நானூத்திச் சொச்சம் பீஸ். வெளிய ரெண்டு இடத்துல விலை கேட்டாங்க. ஒருத்தர் 96 ரூபா, இன்னொருத்தர் 98. அப்பா சொன்னார், "எதுக்குங்க இவ்வளவு? நானே 85 ரூபாய்க்குத் தெச்சுக் குடுத்துடறேன்". எல்லாரும் கை தட்டினாங்க. பதினோரு ரூபா மிச்சம் இல்லையா?

அந்த வருஷம் தொழில்ல இருந்தவங்களுக்கு மீதி சொல்லாமலே புரிஞ்சிருக்கும். நூல் விலை ஏறிக்கிட்டே இருந்த நேரம். போதாததுக்கு 2011 ஜனவரி 28ஆம் தேதி, நொய்யல் மாசு வழக்குல திருப்பூர் சாயப்பட்டறைகளை எல்லாம் மூடச் சொல்லி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவு போட்டது. ஊரே ஸ்தம்பிச்சுப் போச்சு. அப்பா எங்கெங்கயோ அலைஞ்சு, வெளியூர்ல ஒரு இடத்துல துணிக்குச் சாயம் போட்டுக் கொண்டு வந்தார். ராத்திரி பகலாத் தெச்சு, சொன்ன தேதிக்குக் குடுத்துட்டார். கையில இருந்து காசு போச்சு. அதுல ஒரு பைசா லாபம் இல்லைங்கறதுக்கு நான் சாட்சி.

ஸ்போர்ட்ஸ் டே அன்னிக்கு ஓடினோம், வேர்த்துது, சாயம் இறங்கிச்சு. ரெட் ஹவுஸ் பசங்க வெள்ளை பேன்ட் எல்லாம் ரோஸ் கலர். அடுத்த ஒரு மாசத்துக்கு ஸ்கூல்ல எனக்கு என்ன பேருன்னு கேக்காதீங்க. அவ்வ்வ்வ்...

அதையெல்லாம் சிரிச்சுட்டுப் போயிடலாம். சிரிக்க முடியாத விஷயம் அடுத்து நடந்தது. ஒரு பையனோட அம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்தாங்க. அவங்களும் பனியன் கம்பெனியில கைமடி வேலைக்குப் போறவங்கதான். அந்த 85 ரூபா அவங்களுக்குச் சும்மா வர்ற காசு இல்ல. "துணி சரியில்லீங்க, காசைத் திருப்பிக் குடுங்க, இல்ல வேற துணி குடுங்க"ன்னு கேட்டாங்க. ஆபீஸ்ல சொன்னாங்களாம், "அது கமிட்டி விஷயம், பொருளாளரைப் பாருங்க".

பொருளாளர் யாரு? துணி தெச்சவர்!

அவங்க எங்க வீட்டு வாசல் வரைக்கும் வந்தாங்க. அப்பாவைப் பாத்ததும் ஒண்ணும் சொல்லாம, "சும்மா வந்தேனுங்க அண்ணா"ன்னுட்டுத் திரும்பிப் போயிட்டாங்க. நான் திண்ணைல உக்காந்து பாத்துட்டு இருந்தேன்.

வெளியாள் தெச்சிருந்தா என்ன நடந்திருக்கும்? பொருளாளர்ங்கற முறையில அப்பாவே அந்தாளு சட்டையைப் பிடிச்சுக் கேட்டிருப்பார். பணத்தை நிறுத்தி வச்சிருப்பார். கேக்க வேண்டிய ஆளும் பதில் சொல்ல வேண்டிய ஆளும் ஒருத்தரே ஆயிட்டதால, கேக்க ஆளில்லாமப் போச்சு. அப்பா திருடல. ஆனா அந்த அம்மாவுக்குப் போய்ச் சொல்ல இடம் இல்ல. நம்மூர்ல யாருமே இதைத் தப்புன்னு சொல்லாததுக்குக் காரணம், இதுல 'களவு' இல்லைங்கறதுதான்.

இப்ப அரசியலுக்கு வர்றேன்.

ஆபீஸ் ஃபார்ம் புண்ணியத்துல டான்சி வழக்குத் தீர்ப்பைத் தேடிப் படிச்சேன். டான்சி நில பேரம் நடந்தப்ப நான் பொறக்கவே இல்ல. நம்மள்ல பல பேருக்கு அது மேடையில கேட்ட ஒரு வார்த்தை, அவ்வளவுதான். சுருக்கமாச் சொல்றேன்.

டான்சிங்கறது தமிழ்நாடு சிறுதொழில் கழகம். அரசு நிறுவனம். 1992ல கிண்டியில இருந்த அதோட நிலத்தையும் கட்டடத்தையும் ஜெயா பப்ளிகேஷன்ஸ், சசி எண்டர்பிரைசஸ்னு ரெண்டு நிறுவனங்கள் வாங்கின. ரெண்டுலயும் பங்குதாரர்கள் ஜெயலலிதாவும் சசிகலாவும். அப்ப ஜெயலலிதா முதலமைச்சர். அதாவது விக்கற அரசாங்கத்துக்குத் தலைவரும் அவங்க, வாங்கற கம்பெனிக்குப் பங்குதாரரும் அவங்க.

2000 அக்டோபர் 9ல தனி நீதிமன்றம் தண்டனை குடுத்தது. ஒரு வழக்குல மூணு வருஷம், இன்னொண்ணுல ரெண்டு வருஷம். அதனாலதான் 2001 தேர்தல்ல அவங்க வேட்புமனு தள்ளுபடி ஆச்சு. அப்புறமும் மே மாசம் முதல்வரானாங்க. அது செல்லாதுன்னு செப்டம்பர் 21ல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. ஓ. பன்னீர்செல்வம்ங்கற பேரை ஊரே முதல்முறையாக் கேட்டது அப்பதான். 2001 டிசம்பர்ல உயர்நீதிமன்றம் விடுதலை பண்ணுச்சு. 2003 நவம்பர் 24ல உச்ச நீதிமன்றமும் விடுதலையை உறுதி பண்ணிடுச்சு.

இந்தக் கடைசித் தீர்ப்புதான் எனக்கு முக்கியம். விடுதலைன்னா 'தப்பே இல்ல'ன்னு அர்த்தமா? அதுதான் இல்ல.

இந்திய தண்டனைச் சட்டத்துல 169ன்னு ஒரு பிரிவு இருந்தது. (இப்ப பாரதிய நியாய சன்ஹிதால 203.) ஒரு அரசு ஊழியர், ஒரு சொத்தை வாங்கக் கூடாதுன்னு சட்டப்படி கட்டுப்பட்டிருந்து, அதை மீறி வாங்கினா குற்றம். சரி, முதலமைச்சர் அரசு நிலத்தை வாங்கக் கூடாதுன்னு எங்க எழுதியிருக்கு? அமைச்சர்களுக்கான நடத்தை விதிகள்ல எழுதியிருக்கு. பதவியில இருக்கற வரைக்கும் அரசாங்கத்துக்கிட்ட அசையாச் சொத்து வாங்கவும் கூடாது, விக்கவும் கூடாது. ஆனா அந்த நடத்தை விதி சட்டம் இல்ல, சட்டபலம் இல்லாத ஒரு ஒழுக்க நெறின்னு கோர்ட் சொல்லிடுச்சு. சட்டப்படி தடை இல்லைன்னா 169 பொருந்தாது. விலையில அரசுக்கு நஷ்டம்னும் நிரூபணம் ஆகல. ஆக, விடுதலை.

அதோட நீதிபதிகள் நிறுத்தல. நடத்தை விதியோட உணர்வை மீறினது சரியான்னு அவங்க யோசிச்சுப் பாக்கணும், நிலத்தை எந்த நிபந்தனையும் இல்லாம டான்சிக்கே திருப்பிக் குடுத்து மனசாட்சிக்குப் பதில் சொல்லணும்ங்கற அர்த்தத்துல எழுதியிருக்காங்க. நாட்டோட உச்ச நீதிமன்றம், ஒரு முதலமைச்சரோட மனசாட்சிக்கிட்ட விண்ணப்பம் போடுது. ஏன்? கையில அதுக்கு மேல சட்டம் இல்ல!

இங்கதான் எனக்குத் தலை சுத்திச்சு. ஒரு தாலுகா ஆபீஸ் கிளார்க்கை எடுத்துக்குங்க. அவருக்கும் அரசு ஊழியர் நடத்தை விதிகள் இருக்கு. அது வெறும் ஒழுக்க நெறி இல்ல, சட்டபலம் உள்ள விதி. மீறினா மெமோ வரும், சஸ்பெண்ட் ஆகலாம், வேலையே போகலாம். மத்திய அரசு ஊழியர்னா, தன் குடும்பத்து ஆள் வேலை பாக்கற கம்பெனி சம்பந்தப்பட்ட ஃபைலையே அவர் பாக்கக் கூடாது, மேலதிகாரிக்கிட்ட அனுப்பிடணும். கிளார்க்குக்குச் சட்டம், அமைச்சருக்கு மனசாட்சி. கீழ போகப் போக கயிறு இறுகுது, மேல போகப் போக தளர்ந்துடுது.

இன்னொரு காமெடியும் இருக்கு. அந்த நடத்தை விதியை மாநில அமைச்சர்கள் ஒழுங்காக் கடைப்பிடிக்கறாங்களான்னு பாத்துக்க வேண்டியவர் யாருன்னு நினைக்கறீங்க? முதலமைச்சர். முதலமைச்சரைப் பாத்துக்க வேண்டியவங்க பிரதமரும் உள்துறை அமைச்சரும். கூட்டணியில இருந்தா கேக்க மாட்டாங்க, எதிரணியில இருந்தா கேட்டாலும் 'பழிவாங்கல்'னு ஆயிடும். திரும்பவும் டீ-ஷர்ட் கதைதான். போய்ச் சொல்ல இடம் இல்ல.

"ஏன் தம்பி, அம்மாவை மட்டும் சொல்றே, அவங்க என்ன யோக்கியமா?"ன்னு கெளம்பி வர்ற உடன்பிறப்பு எதிர்ப்பாளர்களுக்கு: வர்றேன், இருங்க. 2004ல இருந்து 2007 வரைக்கும் மத்திய தகவல் தொடர்புத் துறைக்கு அமைச்சர் தயாநிதி மாறன். அவரோட அண்ணன் கலாநிதி மாறன், சன் டிவி குழுமத்தோட தலைவர். அதுக்கப்புறம் வந்த டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வழக்குகுள்ள நான் போகல, அது கோர்ட் பாடு. ஒரு குற்றமும் நடக்கலைன்னே வச்சுக்குவோம். ஆனா தம்பி தகவல் தொடர்பு அமைச்சர், அண்ணன் நாட்டோட பெரிய டிவி நிறுவனங்கள்ல ஒண்ணோட முதலாளிங்கற நிலைமையே ஒரு பிரச்சனைன்னு அன்னிக்கு எத்தனை பேர் சத்தமாக் கேட்டாங்க? 'திறமையான மந்திரி'ங்கறதோட பேச்சு முடிஞ்சுது. எங்கப்பாவுக்குக் கை தட்டின மாதிரியே.

இப்ப கிரிக்கெட்டுக்கு வாங்க. (தல ரசிகர்கள் மன்னிக்க.) 2008ல சென்னை சூப்பர் கிங்ஸ் அணியை இந்தியா சிமெண்ட்ஸ் வாங்கினப்ப, அதோட நிர்வாக இயக்குநர் என். சீனிவாசன் கிரிக்கெட் வாரியத்துல பொருளாளர். வாரிய நிர்வாகிகளுக்கு வாரியம் நடத்தற போட்டிகள்ல வியாபார ஆதாயம் இருக்கக் கூடாதுன்னு அவங்க விதிப் புத்தகத்துலயே 6.2.4ன்னு ஒரு விதி இருந்தது. அந்த வருஷமே, 'ஐபிஎல் நீங்கலாக'ன்னு அதுல ஒரு வரியைச் சேத்துட்டாங்க. 2015 ஜனவரி 22ல உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தத்தைச் செல்லாதுன்னு தூக்கிப் போட்டது. வியாபார ஆதாயம் இருக்கற வரைக்கும் வாரியத் தேர்தல்ல நிக்கக் கூடாதுன்னும் சொல்லிடுச்சு. சூதாட்ட விவகாரத்தை சீனிவாசன் மூடி மறைச்சார்ங்கற குற்றச்சாட்டு நிரூபணம் ஆகலைன்னும் அதே தீர்ப்புல இருக்கு. அதாவது அந்தக் குற்றம் நிரூபணம் ஆகாமலே, 'ரெண்டு நாற்காலியில ஒரே ஆள் உக்காரக் கூடாது'ன்னு முடிவு பண்ண முடிஞ்சிருக்கு.

ஆக நம்ம நாட்டுல நிலைமை என்னன்னா, கிரிக்கெட் நடத்தறவங்களுக்கு ஒரு ஸ்ட்ரிக்டான விதி இருக்கு, மாநிலத்தை நடத்தறவங்களுக்கு இல்ல. நல்லா இருக்குல்ல?

சட்டமே இல்லைன்னு சொன்னா அதுவும் பொய். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்துல 9ஏ பிரிவு இருக்கு. அரசாங்கத்தோட கான்ட்ராக்ட் ஓடிட்டு இருந்தா எம்எல்ஏ, எம்பி பதவிக்குத் தகுதி போயிடும். ஊராட்சிச் சட்டத்துலயும் உறுப்பினர்களுக்கு இது மாதிரி தடை இருக்கு. அப்புறம் ஊர்ல எப்படி நடக்குது? கான்ட்ராக்ட் எல்லாம் மச்சான் பேருல இருக்கும். சட்டம் பேரைப் பாக்குது, வீட்டைப் பாக்கல. 2018ல லோக் பிரஹரி வழக்குல உச்ச நீதிமன்றம் சொன்னதுக்கு அப்புறம், வேட்பாளர் பிரமாணப் பத்திரத்துல தனக்கும் கணவன்/மனைவிக்கும் இருக்கற அரசு கான்ட்ராக்டுகளையும் எழுதணும்னு வந்திருக்கு. நல்ல விஷயம்தான். ஆனா மச்சான் அதுலயும் இல்ல. அதோட அது தேர்தலப்ப ஒரு தடவை எழுதறது. நடுவுல வர்ற அஞ்சு வருஷத்துல எந்தக் கூட்டத்துல எந்தத் தீர்மானத்துல யாருக்கு ஆதாயம்னு அது சொல்லாது.

சரி, என்னதான் பண்ணணும்? தொழில் பண்றவங்க அரசியலுக்கே வரக் கூடாதா? எங்க ஊர்ல அது நடக்கிற காரியமா? திருப்பூர்ல வீட்டுக்கு ஒருத்தராவது பனியன் தொழில்ல இருப்பாங்க. நிட்டிங்ல மாமா, டையிங்ல சித்தப்பா, பிரிண்டிங்ல சகலை. தொழில் சம்பந்தமே இல்லாத ஆளைத் தேடினா கவுன்சிலர் ஆக யாரும் மிஞ்ச மாட்டாங்க. நூல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வேணுமான்னு கேட்டாக்கூட ஸ்பின்னிங் மில்காரர் ஒண்ணு சொல்வார், பனியன் கம்பெனிக்காரர் நேர் எதிரா ஒண்ணு சொல்வார். ஆதாயம் இருக்கறது குத்தமில்ல. அதை மறைக்கறதும், அதோடவே உக்காந்து கை தூக்கறதும்தான் குத்தம்.

நான் பொட்டி தட்டற ஆளு. எங்க தொழில்ல ஒரு பழக்கம் இருக்கு. நான் எழுதின கோடை நானே அப்ரூவ் பண்ண முடியாது. பட்டனே வேலை செய்யாது. நான் திருடன்னு நினைச்சு யாரும் அப்படி வைக்கல. என் தப்பு என் கண்ணுக்குத் தெரியாதுங்கறதாலதான் வச்சிருக்காங்க. இருபது வருஷ அனுபவசாலிக்கும் அதே ரூல்தான். அவர் கோவிச்சுக்கறதில்ல.

அதே மாதிரி மூணு விஷயம் போதும்னு நினைக்கறேன்.

ஒண்ணு, அமைச்சர்களுக்கான நடத்தை விதிகளைச் சட்டமாக்கணும். 2003 தீர்ப்பே அந்த ஓட்டையைக் கை நீட்டிக் காட்டியிருக்கு.

ரெண்டு, எம்எல்ஏல இருந்து வார்டு கவுன்சிலர் வரைக்கும் 'எனக்கும் என் வீட்டாருக்கும் இந்தந்தத் தொழில்ல பங்கு இருக்கு'ன்னு ஒரு பதிவேடு. மச்சானும் அதுல வரணும். யார் வேணாலும் ஆன்லைன்ல பாக்கற மாதிரி இருக்கணும். இது ஒண்ணும் கனவு இல்ல. நம்ம ராஜ்யசபாவுலயே உறுப்பினர்களோட நலன்களுக்குப் பதிவேடு இருக்கு. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துல 1970கள்ல இருந்தே இருக்கு.

மூணு, தன் சம்பந்தப்பட்ட விஷயம் வந்தா சொல்லிட்டு எழுந்து வெளிய போகணும். அதை மினிட்ஸ்ல எழுதணும். நம்ம கம்பெனிச் சட்டத்துலயே (2013, பிரிவு 184) டைரக்டர் தன் ஆதாயத்தை போர்டுல சொல்லியாகணும்னு இருக்கு. பனியன் கம்பெனி டைரக்டருக்கு இருக்கற கட்டாயம், பனியன் ஊரை ஆளறவங்களுக்கு இருக்கக் கூடாதா?

"சட்டம் போட்டா மட்டும் திருந்திடுவாங்களா?"ன்னு கேப்பீங்க. மாட்டாங்க. ஆனா அந்த அம்மா மாதிரி ஒருத்தர் கையில ஒரு பேப்பராவது இருக்கும். "நீங்க இதுல பங்கு இருக்குன்னு சொல்லலையே"ன்னு கேக்க ஒரு வழி இருக்கும். இன்னிக்கு அது இல்லாமத்தான் வாசல் வரைக்கும் வந்து திரும்பிப் போறாங்க.

கடைசியா அப்பா கதை. இதை எழுதறதுக்கு முன்னாடி போன் பண்ணி, "எழுதட்டுமாப்பா?"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "எழுதிக்கோ. ஆனா ஒரு பைசா நான் எடுக்கலைன்னு எழுது"ன்னார். எழுதியாச்சுப்பா. மேலேயே இருக்கு.

அந்த டீ-ஷர்ட் விஷயத்தைத் தப்புன்னு அவர் இன்னிக்கு வரைக்கும் ஒத்துக்கிட்டதில்ல. ஆனா ரெண்டு வருஷம் கழிச்சு நடந்ததை அம்மா சொன்னாங்க. கோயில் நோம்பிக்கு பனியன் அடிக்கணும், யாருக்கு ஆர்டர் குடுக்கலாம்னு கமிட்டியில பேச்சு வந்திருக்கு. எல்லாரும் அப்பாவைத் திரும்பிப் பாத்திருக்காங்க. "நீங்க பேசி முடிங்க, நான் ஒரு டீ குடிச்சுட்டு வந்துடறேனுங்க"ன்னுட்டு எழுந்து போயிட்டாராம். ஆர்டர் வேற ஒருத்தருக்குப் போச்சு. பீஸுக்கு ரெண்டு ரூபா கூடத்தான்.

சாயம் நின்னுதான்னு அம்மாக்கிட்ட கேட்டேன். "அது ஆருக்குத் தெரியும் கண்ணு. ஆனா அந்தத் தடவை நம்ம வாசலுக்கு யாரும் வரல"ன்னாங்க.

எங்க ஆபீஸ் ஃபார்ம் இன்னும் மெயில்ல அப்படியே கெடக்கு. இந்தத் தடவை ஒவ்வொரு கேள்வியாப் படிச்சுட்டுத்தான் டிக் அடிக்கப் போறேன். பெரியம்மா பையன் ரெஸ்யூம் ஒண்ணு என் டீமுக்கு வந்திருக்கு, அதையும் எழுதணும். அவன் என்னைத் திட்டுவான். பரவால்ல, டீ வாங்கிக் குடுத்து சமாளிச்சுக்கலாம் :-)

டிஸ்கி: இந்தப் பதிவு எந்தக் கட்சிக்கும் ஆதரவு இல்ல. ரெண்டு பக்கமும் சமமாத் திட்டினா நான் பதிவைச் சரியா எழுதியிருக்கேன்னு அர்த்தம். உங்க ஊர்ல இப்படி 'டீ குடிக்க எழுந்து போன' ஆள் யாராவது இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. போகாத ஆளுங்க லிஸ்ட் வேணாம், சர்வர் தாங்காது.